ஒருத்தி இட்ட முட்டைகள்

அந்தக் கண்ணாடி அலமாரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். தேக்குச் சட்டம், பித்தளைப் பூட்டு, திறந்தால் முகத்தில் அடிக்கும் பாச்சா உருண்டை நாற்றம். அலமாரிக்கு மேலே, அதை வாங்கிக் கொடுத்த பண்ணையாரின் படம். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்துக்கு மாலை போடுவார் எங்கள் விலங்கியல் பேராசிரியர். பண்ணையார் அப்போது குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு இப்படி வாராவாரம் மாலை போடுகிறாரே என்று நாங்கள் பின்பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பேராசிரியருக்கு அது கேட்காது. அவர் காதுகள் அலமாரி கொடுத்தவர் பக்கம் மட்டுமே திரும்பும்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். 1954-ஆம் வருஷம் நான் அங்கே கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். குமரி மாவட்டம் என்ற பெயர் அப்போது கிடையாது. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். செய்முறைப் பரீட்சைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வருவார். அவர் வருவதற்கு முன்னால் நம்முடைய ரெக்கார்டு நோட்டில் பேராசிரியர் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாதவள் பரீட்சை அறை வாசலைத் தாண்ட முடியாது.

எனக்கு அந்தக் கையெழுத்து மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. அப்பா ஒரே வாக்கில் முடிவு சொல்லியிருந்தார்: "பாஸானா திருவனந்தபுரத்துல மேல படி. தோத்தா சித்திரையில கல்யாணம்." மாப்பிள்ளை தயாராக இருந்தான். என் தாய்மாமன் மகன். மாமா சைவத்தின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார். நாகர்கோவிலுக்குப் போய்விட்டு வரும் நாட்களில் அவர் கையில் மீன்கறி மணக்கும். மகன் பேசவே மாட்டான், மணம் மட்டும் உண்டு. அவன் பக்கத்தில் ஒரு ஆயுள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் வீடு அழுத்தமான சைவ வீடு. கல்லூரியில் தவளை அறுத்த நாட்களில் நான் முன்வாசல் வழியாக உள்ளே போகக்கூடாது. பின்பக்கமாகச் சுற்றி வந்து, கிணற்றடியில் அம்மை நிறைத்து வைத்திருக்கும் பெரிய வெண்கல வார்ப்பிலிருந்து உடுத்த துணியோடு தலைக்கு ஊற்ற வேண்டும். அப்புறம்தான் அடுக்களை. மீன் சாப்பிட்டுவிட்டு வரும் மாமாவுக்குக் குளியல் கிடையாது, விசிறியும் மோரும் உண்டு. அவர் ஆம்பளை, அவர் வயிற்றுக்குள் போனதை யார் பார்த்தார்கள்? நான் வாரத்துக்கு இரண்டு நாள் நடுங்கிக்கொண்டு குளித்தேன். தவளையின் மேல் எனக்கு அருவருப்பு இல்லை. அந்தக் குளியலின் மேல் இருந்தது.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். பாடம் நடத்தும்போது பழுப்புச் சளி மீசை நுனியில் வந்து நிற்கும். விழுமா விழாதா என்று பார்த்துப் பார்த்தே அந்த வருஷத்துப் பாடம் பாதி போயிற்று. மரபியல் வகுப்பில் அவர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, மூக்கையும் நிறத்தையும் பார்த்து, இன்ன வீடு, இன்ன ரத்தம் என்று சொல்லிக்கொண்டு போவார். "எல்லாம் கருவிலேயே எழுதியாச்சு. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் அது மாறாது" என்பார். பண்ணையார் வீட்டு ரத்தத்துக்கு இதில் முதல் இடம். வண்டி மாட்டை வளர்ப்பவன்கூட மாட்டுக்குத் தீனி முக்கியம் என்று அறிவான். இவருக்கு அது தெரியவில்லை.

அலமாரியில் அவருடைய பெருமை ஒரு வண்ணத்துப்பூச்சி. நாஞ்சில் நாட்டு வயல்களில் அந்தியில் பறக்கிற பழுப்புப் பூச்சி, விளக்கு வைத்ததும் வீட்டுக்குள் வந்து சுவரில் முட்டுமே, அதேதான். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றுக்கு மூடிய இறக்கையில் வரிசையாகக் கண்கள், மை தீட்டிப் பொட்டு வைத்த மாதிரி. மற்றதற்குக் கண்ணே கிடையாது, அசல் காய்ந்த சருகு. கண்ணுள்ளது எல்லாருக்கும் தெரிந்த இனம், சருகோ தான் கண்டுபிடித்த புது இனம் என்பது பேராசிரியரின் முடிவு. அந்தச் சருகுக்குப் பண்ணையாரின் வீட்டுப் பெயரை வைத்து, அதற்கு லத்தீன் வால் ஒன்றும் ஒட்டியிருந்தார். உலகத்தில் வேறு எவரும் அந்தப் பெயரை ஏற்றதில்லை. கல்லூரி ஆண்டு மலரில் அவரே எழுதியதோடு சரி. ஆனால் அலமாரி வந்தது அந்தப் பெயரால்தான்.

ரெக்கார்டுக்காக எனக்குக் கொடுத்த வேலை வயல் பூச்சிகள். எங்களுக்கு இரண்டு போகம், கன்னிப்பூவும் கும்பப்பூவும். கன்னிப்பூ வெக்கையில் விளையும், கும்பப்பூ மழையும் மார்கழிப் பனியும் பார்த்து விளையும். கன்னிப்பூ வயலில் கண்ணுள்ள பூச்சியாகவே பார்த்தேன். கும்பப்பூ வளர்ந்து குளிர் இறங்கியதும் சருகாகவே பார்த்தேன். இரண்டு இனமாக இருந்தால் ஒன்று வரும்போது மற்றது எங்கே போகிறது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கேள்வி வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும், அது பிறவிக் குணம்.

ஒரு பெண் பூச்சியைப் பிடித்துக் கொசுவலைத் துண்டுக்குள் நெல் நாற்றோடு விட்டேன். இரண்டு நாளில் இலையின் அடியில் முட்டை இட்டது. சின்னச் சின்ன முத்துகள், இருபத்தெட்டு. பொரிந்த புழுக்களைப் பாதிப் பாதியாக இரண்டு மண்பானைகளில் பிரித்தேன். ஒரு பானைக்கு வெக்கை வேண்டும், ஒன்றுக்குக் குளிர்ச்சி. வீட்டில் எப்போதும் சூடாக இருக்கிற இடம் அடுப்புக்குப் பின்சுவரில் உப்புமரவை வைக்கும் மாடம். எப்போதும் குளிர்ந்திருப்பது குடிநீர்ப் பானைக்குக் கீழே ஈரமணல். இரண்டும் அடுக்களைக்குள் இருந்தன.

"ஏட்டி, இந்தச் சவத்த எங்க கொண்டு வைக்க?" என்றாள் அம்மை.

"அடுப்புச் சூடு வேணும்மா."

"புழுவக் கொண்டாந்து அடுப்புக்க கிட்ட வைக்கதுக்கா ஒன்னக் காலேஜுக்கு அனுப்புனோம்? தவளைக்கே நான் தண்ணி ஊத்தி மாளல. இது என்னத்தத் திங்கும்?"

"நெல்லு எலதான். வேற எதையும் தொடாது."

அம்மை குனிந்து பார்த்தாள். பச்சைப் புழு, தலையில் இரண்டு குட்டிக் கொம்பு. அது இலையின் ஓரத்தைப் பிடித்து அசையாமல் தின்றுகொண்டிருந்தது.

"அப்ப இதுவும் சைவந்தான்," என்று தீர்ப்புச் சொன்னாள். "இருந்துட்டுப் போட்டு. ஆனா மக்கா, இந்த வீட்டுக்குள்ள வச்சு ஒண்ணையும் கொல்லப்பிடாது."

சரி என்று தலையாட்டினேன். தவளை அறுத்த மகளை வாசலில் நிறுத்துகிற அடுக்களை, இலை தின்கிற புழுவுக்கு மாடத்தைக் கொடுத்தது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நான் பஸ் ஏறிப் போனபின் அவற்றைப் பார்த்துக்கொண்டவள் அம்மைதான். முதலில் மூக்கைச் சுளித்தாள், அப்புறம் பழகிவிட்டாள். வயலிலிருந்து இளம் இலை பறித்து வந்து போடுவாள், மணல் காய்ந்தால் தண்ணீர் தெளிப்பாள். அடுப்புப் பானையின் கழுத்தில் அவளே ஒரு சிவப்பு நூல் கட்டினாள், மாறிப்போகக்கூடாதே என்று. சாயங்காலம் நான் வந்ததும் அன்றைய கணக்கை ஒப்பிப்பாள், எது தோல் உரித்தது, எது செத்தது என்று. செத்ததை மண்ணில் புதைத்துவிட்டுத்தான் சொல்வாள்.

மார்கழிக் காலை ஒன்றில் அவள் போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன்.

"ஏட்டி, இஞ்ச வா! அடுப்புப் பானையில கண்ணு முழிச்சிருக்கு."

கூட்டுப்புழுத் தோலில் தொங்கியபடி ஒரு பூச்சி இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. வரிசையாகக் கண்கள். மணல் பானையில் கூடு உடைய மேலும் சில நாள் ஆயிற்று. வந்தது எல்லாம் சருகு. அடுப்புப் பானையில் ஒரு சருகுகூட இல்லை, மணல் பானையில் ஒரு முழுக்கண் இல்லை.

அம்மை இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஒருத்தி பெத்ததுல இப்பிடி ரெண்டு ஜாதியா?"

"ஜாதி ஒண்ணுதாம்மா. வளந்த எடந்தான் வேற."

அவள் அழுகின பழத்தை நசுக்கி ஒரு இலையில் வைத்தாள், பூச்சிகள் குடிப்பதற்கு. அடுக்களை முழுக்கப் புளித்த நாற்றம். அந்த ஒரு நாற்றம் மட்டும் எனக்கு அருவருப்பாக இல்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பிற்பாடு நான் மூலக்கூறு உயிரியல்காரியானேன். மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன, எப்போது தூங்குகின்றன, யார் எழுப்புகிறார்கள், யார் பூட்டுகிறார்கள் என்பதைத்தான் ஆயுள் முழுக்கத் தோண்டினேன். டி.என்.ஏ.வின் மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகள் ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, ஆனால் குறி ஒட்டிய இடத்தை உயிரணு படிக்காமல் விட்டுவிடும். தாய் பட்டினி கிடந்தால்கூடப் பிள்ளையின் உடம்பில் சில குறிகள் மாறும். என் பூச்சிகளிலும் ஏறக்குறைய இந்த மாதிரிச் சங்கதிதான். வெக்கையில் புழுவின் உடம்பில் ஒரு சுரப்பு முந்துகிறது, குளிரில் பிந்துகிறது. அந்த நேரக் கணக்கில் இறக்கையில் கண் வரைகிற மரபணுக்கள் விழிக்கின்றன, அல்லது சும்மா கிடக்கின்றன. 1954-இல் எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஒருத்தி இட்ட முட்டைகள் என்பது மட்டும் தெரியும். அதற்கு நானும் அம்மையும் சாட்சி.

இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பூச்சிகளை உயிரோடு எடுத்துக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பொடியை உறிஞ்சினார்.

"நீ கலந்துட்டே. பொம்பளப் பிள்ளைகளுக்குப் புழு வளக்கத் தெரியாது."

"கலக்கல சார். நூல் கட்டியிருக்கு."

"அப்ப இன்னொரு தடவ செஞ்சு கொண்டா."

செய்தேன். தை மாதம் முழுக்க அம்மை மணலுக்குத் தண்ணீர் தெளித்தாள். அதே முடிவு. இந்தத் தடவை குப்பிகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பேஷ், பேஷ்" என்றார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அறிவுள்ள மனிதர், சான்று கண்ணெதிரே இருக்கும்போது எத்தனை நாள் மறுப்பார் என்று உள்ளுக்குள் அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன். அந்த நிமிஷத்து என் முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அவர் அலமாரியைத் திறந்தார். மழைக்காலத்தில் எறும்பு புகுந்து பண்ணையார் பெயர் வைத்த பூச்சியைத் தின்றிருந்தது. ஊசியில் அரை இறக்கையும் ஒரு காலும் மிச்சம். பங்குனியில் பண்ணையார் அலமாரியைப் பார்க்க வருகிறார், அதற்குள் பரீட்சைக்காரரும் வந்துவிடுவார். பேராசிரியருக்கு வேண்டியது புத்தம்புதுச் சருகுப் பூச்சி, அதுதான் அந்த "பேஷ்". என் குப்பிகள் இரண்டையும் வாங்கி, மயக்க மருந்து நனைத்த பஞ்சு போட்ட பெரிய புட்டிக்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். இறக்கைகள் கண்ணாடியில் அடித்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. கண்ணுள்ளதை ஒரு பெயருக்கு மேலே குத்தினார், சருகை மற்றப் பெயருக்கு மேலே குத்தினார். ஒரு தாய் பிள்ளைகள், ஒரே அடுக்களையில் வளர்ந்தவை, இரண்டு இனங்களுக்குச் சான்றாக அலமாரியில் ஏறிவிட்டன.

காலிக் குப்பிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தேன். அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், இரண்டு பானை, நூல், மணல், முடிவு. படித்துக்கொண்டிருக்கும்போதே மீசை நுனியிலிருந்த துளி பக்கத்தின் நடுவில் விழுந்தது. கைக்குட்டையால் தேய்த்தார். என் எழுத்து பழுப்பாகக் கலைந்தது.

"இந்தப் பக்கத்தைக் கிழி. ரெண்டு படம் வரை, கீழ ரெண்டு பேரு எழுது. அலமாரியில என்ன இருக்கோ அதுதான் ரெக்கார்டுல இருக்கணும். நாளைக்குக் கையெழுத்துப் போடுறேன்."

அவர் கிழிக்கவில்லை. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. அவர் சொன்னார், நான்தான் கிழித்தேன். பஸ்ஸில் வரும்போது மாமன் மகனின் முகம் மனசில் வந்தது, சித்திரை மாதம் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு படம் வரைந்தேன். அழகாக வரைந்தேன் என்பதுதான் இன்னும் கேவலம். நிழல் கொடுத்து, இறக்கை நுனியின் வளைவைத் தனியாகக் காட்டி, சருகின் கீழே பண்ணையாரின் வீட்டுப் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதினேன். மறுநாள் கையெழுத்து விழுந்தது.

பரீட்சையன்று வந்தவர் ஒல்லியான மலையாளி. கதர் வேட்டி, மெல்லிய குரல். பேராசிரியரின் உபசாரத்தையெல்லாம் கையமர்த்திவிட்டு அலமாரியை நோட்டமிட்டார். என் முறை வந்தபோது அந்த இரண்டு ஊசிகளையும் வெளியே எடுக்கச் சொல்லி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் குத்தி வைத்தார். என் பூச்சிகள். அம்மை இலை பறித்துப் போட்ட பூச்சிகள்.

"குட்டி, நீ வயல்காரி அல்லே? எனக்கொரு சம்சயம்," என்றார், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக. "இது ரெண்டும் வேற வேற இனமா? இல்ல, ஒரே இனம் காலத்துக்கு ஏத்தபடி மாறுதா? யாராவது வளர்த்துப் பார்த்திருக்காங்களா?"

அவர் என்னைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. அந்தக் கண்களைப் பார்த்தாலே புரிந்தது. நாகர்கோவிலில் அத்தனை வருஷத்தில் எனக்கு வந்து சேர்ந்த ஒரே நல்ல கேள்வி அது. வளர்த்துப் பார்த்துப் பதில் கண்டவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி அவர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் பொடி உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வேற வேற இனம், சார்," என்றேன். "யாரும் வளர்த்ததில்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சருகுப் பூச்சியின் இறக்கை நுனியைக் காட்டி, "இந்த வளைவு இதுக்கு மட்டுந்தான் உண்டு, அதை வச்சே பிரிச்சிரலாம்" என்று வியாக்கியானமும் செய்தேன். அவர் தலையை ஆட்டினார். "சரி" என்றார். முகத்தில் சின்னதாக ஏதோ அணைந்தது. ஊசிகளைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னார். எனக்கு நல்ல மதிப்பெண் போட்டார்.

அந்த மதிப்பெண்ணில்தான் திருவனந்தபுரம் போனேன். அங்கிருந்து எங்கெங்கோ. பேராசிரியர் மேல் எனக்கு இன்னும் தீராத அருவருப்பு உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவரை என்னால் ஒரு அலமாரிக்குள் வைத்துப் பூட்ட முடிகிறது. அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் நின்றவளை எதற்குள் வைப்பது என்று தெரியவில்லை. என் ஆய்வுக்கூடத்தில் பின்னாளில் ஒவ்வொரு பிள்ளையும் தயங்கித் தயங்கி ஒரு முடிவைக் கொண்டுவந்து நீட்டும்போது அவளும் கூடவே வந்து நிற்பாள்.

அன்று சாயங்காலப் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தேன். அம்மை முன்வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத் தவள உண்டா?"

"இல்ல."

"அப்ப நேரா உள்ள வா. பரீட்சைக்காரரு நம்ம பூச்சியக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"ரெண்டும் ஒருத்தி பெத்ததுன்னு சொன்னியா?"

அவள் கையில் நெல் இலையின் கீறல்கள் இன்னும் ஆறாமல் இருந்தன. "சொன்னேன்," என்றேன்.

"நம்புனாரா?"

"நம்புனாரு."

"நம்பாம? நானில்லா கூட இருந்து பாத்தேன்," என்று சொல்லி, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

நான் உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வார்ப்பில் தண்ணீர் இருந்தது. உடுத்த துணியோடு தலைக்கு ஊற்றினேன்.

"ஏட்டி, தவள இல்லேன்னுல்லா சொன்ன?" என்று அம்மை புறவாசலிலிருந்து கேட்டாள்.

நான் இன்னொரு செம்பு கோரினேன்.